கல்லறைமேட்டுக்கு முதலில் வந்தவள்

என் அம்மா நைனாவுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரமாக வந்தவர் நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே பிரசவத்தில் இறந்துபோனார். அவரை நாங்கள் பெரியம்மா என்றுதான் சொல்லுவோம். எங்கள் வீட்டில் அவருடைய போட்டோ கிடையாது, ஒரு புடவை கிடையாது, அவர் கை பட்ட ஒரு சொம்புகூடக் கிடையாது. ஊருக்குக் கிழக்கே, ஏரிக்குப் போகிற வழியில், கல்லறைமேட்டில் அவருக்கு ஒரு மண்குவியல் மட்டும் இருந்தது.

பழவேற்காடு சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வடக்கே அரைமணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நெல்வயல் முடிந்து உப்புத்தரை தொடங்குகிற இடம். ஊரில் பாதிப் பேர் ஏரியில் வலை போடுவார்கள், மீதிப் பேர் வயலில் கூலி வேலை செய்வார்கள், என் நைனாவைப் போல இரண்டும் செய்கிறவர்களும் உண்டு. ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் பெரிய புல்வெளி. வெயில் காலத்தில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகி, கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரு மரம் இல்லாமல் கிடக்கும். மழைக்காலத்தில் ஏரி உப்பி அதன்மேல் ஏறிவரும். எவ்வளவு ஏறினாலும் நடுவில் இருக்கிற கல்லறைமேட்டை மட்டும் தண்ணீர் தொடாது. அங்கே மட்டும் நான்கு பனைமரம், கொஞ்சம் சப்பாத்திக் கள்ளி, அதற்கு நடுவில் எங்கள் ஜனங்கள்.

சின்ன வயதில் எனக்குப் பிடித்த நாள் கிறிஸ்துமஸ் இல்லை, கல்லறைத் திருநாள்தான். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. நவம்பர் மாதம், மழை விட்டும் விடாமலும் இருக்கும். ஊரே மண்வெட்டியும் கூடையுமாகக் கிளம்பும். ஆண்கள் புல் செதுக்குவார்கள். பெண்கள் புதுமண் கொட்டிக் கையால் தட்டித் தட்டி மேடு பிடிப்பார்கள். சாமந்திப் பூவைக் கிள்ளி மண்ணின் மேல் சிலுவைபோல வைப்பார்கள். ஏரிக்காற்றில் மெழுகுவத்தி நிற்காது என்பதால் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி கொண்டுபோய் அதற்குள் ஏற்றுவோம். யாராவது ஒரு பெரிய கேனில் டீ கொண்டுவருவார்கள். பழவேற்காட்டிலிருந்து பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிற வரைக்கும், எல்லோரும் அவரவர் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். செத்தவர்களும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

அம்மா முதலில் போய் உட்காருவது பெரியம்மாவின் பக்கத்தில்தான். அம்மாவின் சொந்த மாமியார், மாமனார் அடுத்த வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு அப்புறம்தான் மண். முதல் கூடை மண், முதல் பூ, முதல் மெழுகுவத்தி எல்லாம் பெரியம்மாவுக்கு. நைனா அந்தப் பக்கம் வருவார், நின்று சிலுவை போட்டுக்கொள்வார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். நைனா எதற்குமே பேசாதவர். காலையில் எழுந்தால் வலையையோ அரிவாளையோ எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் வருவார், சோறு போட்டால் சாப்பிடுவார். குடி கிடையாது, கை ஓங்கினது கிடையாது. ஆனால் பெரியம்மாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னது சித்தப்பாதான். நைனாவின் தம்பி. ஊரில் யார் இறந்தாலும் குழி வெட்டுவது அவர்தான்.

அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கென்று கல்லறை கிடையாது. யாராவது இறந்தால் பழவேற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாலை வழியாக நடந்து போவார்கள், இல்லாவிட்டால் படகில் வைத்து ஏரி வழியாகப் போவார்கள். ஓர் ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. சாலை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஏரியில் படகு இறக்க முடியாத காற்று. ஐந்தாம் நாள் விடிகாலையில் பெரியம்மாவும் வயிற்றுக்குள்ளிருந்த பிள்ளையும் இறந்துபோனார்கள். மதியம் வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, நைனா மழையில் நனைந்துகொண்டே நிலக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தப் புல்வெளியும் அதையொட்டிய நெல்வயலும் அவர்களுடையது. நிலக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த மேட்ல வெச்சிக்க. ஆனா இது ஒண்ணுதான். இத்த வழக்கமாக்கிடாதீங்க" என்றாராம்.

அடுத்த வருடம் அம்மை போட்டு ஒரு குழந்தை இறந்தது. குழந்தையை எதற்கு அவ்வளவு தூரம் தூக்கிப்போக வேண்டும் என்று பெரியம்மாவின் காலடியில் வைத்தார்கள். நிலக்காரர் வந்து கேட்கவில்லை. அப்புறம் ஒரு கிழவர். அதற்கும் கேட்கவில்லை. அதற்குப்பிறகு அது எங்கள் கல்லறைமேடு ஆகிவிட்டது.

நான் படித்து, கிராம சுகாதார நர்ஸாக வேலைக்குப் போய், பொன்னேரியில் வீடு எடுத்துக்கொண்டேன். பிரசவம் பார்க்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வரும். ஆம்புலன்சுக்கு போன் பண்ணிவிட்டு வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிற அந்தப் பத்து நிமிடத்தில், மழையில் நின்ற நைனாவை நினைத்துக்கொள்வேன். நைனாவும் இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பெரியம்மாவுக்கு வலது பக்கம் வைத்தோம். அங்கே இடம் விட்டு வைத்திருந்தது அம்மாதான்.

நான் ஓய்வு பெற்ற வருடம், புல்வெளியில் கல் நட்டார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னச் சின்னக் கல். பிளாட் போடப் போகிறார்களாம். நிலக்காரர் எப்போதோ இறந்துவிட்டார், அவர் குடும்பம் சென்னைக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. மகன் நிலத்தை விற்க ஏற்பாடு செய்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு கல் சரியாகக் கல்லறைமேட்டின் நடுவில், ஒரு தாத்தாவுக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் இடையில் நின்றது.

எங்கள் ஊர் உபதேசியார் பொன்னேரிக்கே என்னைத் தேடி வந்தார். சாமியார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர் அவர். மனு எழுதுவது, ஆபீசில் பேசுவது எல்லாம் எனக்குப் பழக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

"யார் யார் எங்கெங்க கீறாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடும்மா. கையில காயிதம் இல்லாம போய் நின்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றார்.

அப்படித்தான் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு நான் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மேட்டில் பனைமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அம்மா கையை நீட்டிச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதிக்கு மேல் பெயர்ப்பலகை கிடையாது. சிமெண்ட் சிலுவை இருக்கிறவற்றையும் நம்ப முடியவில்லை. ஒரு புயல் வருடத்தில் சிலுவைகள் எல்லாம் சாய்ந்து, சித்தப்பா ஒரு குத்துமதிப்பாக அவற்றைத் திரும்ப நட்டிருந்தார்.

ஒரு சிலுவையில் இருந்த பெயரை நான் படித்தேன். அம்மா உடனே தலையை ஆட்டினார்.

"அவன் இங்க இல்ல. அவன் வேலியோரம் கீறான். சிலுவ ஒண்டிதான் இங்க கீது."

"அப்போ இதுல யாரும்மா?"

"அவன் பொண்டாட்டிக்கும் அவளுக்கும் ஆவாது, அந்த மூல வூட்டுக்காரி. அவதான். எழுதிக்கோ."

சித்தப்பா கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இருவது வருசமா அவன் புள்ளைங்க இங்கதான் வந்து பூ வெக்கிறாங்க அண்ணி" என்றார்.

"வெக்கட்டும். அவளுக்குப் பூ வெக்க யாரு கீறா?" என்றார் அம்மா.

நான்கு நாள் இப்படிப் போனது. யார் எந்த மழையில் போனார்கள், எந்தக் குழி வெட்டும்போது தண்ணீர் ஊறியது, எந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி நைனா கையிலேயே எடுத்துவந்தார் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் பிறந்து வளர்ந்த ஊர் முழுவதும் அந்த நோட்டுக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், எங்களுக்கு ஐஸ் விற்றவர், வலை கட்டும்போது பாட்டுப் பாடுகிறவர். சில பெயர்களைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். அம்மா அவசரப்படுத்தமாட்டார்.

பழவேற்காட்டுக் கோயிலில் பழைய இறப்புப் பதிவேடு இருப்பதாக உபதேசியார் சொன்னார். அங்கே போய்ப் பார்த்தேன். ஓரம் செல்லரித்த பெரிய புத்தகம். பெரியம்மாவின் பெயர் அதில் இருந்தது. வயது இருபது. அதற்கு எதிரில், மழையினால் ஊரிலேயே அடக்கம் என்று யாரோ ஒரு சாமியார் மையில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் காட்டியபோது, படிக்கத் தெரியாத அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இதுவா?" என்று கேட்டார். "இருவது வயசா? சின்னப் பொண்ணு" என்றார்.

பொன்னேரியில் தாலுகா ஆபீசில் லிஸ்டையும் ஜெராக்ஸையும் கொடுத்தோம். அங்கிருந்தவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நிலம் பட்டா நிலம், பட்டாதாரர் எழுதிக்கொடுத்தால்தான் உண்டு, அவரோடு பேசுங்கள் என்றார். உபதேசியார் எங்கெங்கோ விசாரித்து நிலக்காரர் மகனின் போன் நம்பர் வாங்கிப் பேசினார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்.

"உங்கள கேட்டா, ஊருக்குன்னு குடுத்தாரு பெரியவருன்னு சொல்லுங்க. அதுக்கு மேல எதுவும் வாணாம்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவருக்கு என் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெள்ளை முடி, பேண்ட் சட்டை, காலில் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். அது எனக்குப் பிடித்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "எங்க அப்பா இன்னா சொல்லி இத குடுத்தாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுன்னுதான் சொன்னாரு தம்பி. இந்தா, இவளுக்குன்னு. நாங்கதான் கேக்காம கொள்ளாம நூறு பேருக்கு மேல இட்டாந்து வெச்சிட்டோம்."

உபதேசியார் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. நான்கு நாள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டதே என்று இருந்தது. மகன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்பா ஒருநாளும் இதப் பத்தி எங்கிட்ட பேசினதில்ல. அம்மா கீறாங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்" என்றார்.

அவர் போனபிறகு நான் அம்மாவிடம், "நீ சும்மா இருந்திருக்கலாம்" என்றேன்.

"அவ தலமாட்ல நின்னுக்கினு பொய் சொல்றதா?" என்றார் அம்மா. அன்று முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. தை மாதத்தில் ஒருநாள் நிலக்காரர் மகனிடமிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா தானே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறாராம்.

கார் புல்வெளியின் பாதி வரைக்கும்தான் வந்தது. நிலக்காரரின் மனைவிக்கு எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று இருக்கும். நடக்க முடியாது. சித்தப்பாவின் மகன்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவர் மகனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான். பெரியம்மாவின் முன்னால் நாற்காலியை இறக்கி வைத்தார்கள்.

"வாங்க ஆண்டம்மா" என்றார் அம்மா. அந்தக் காலத்துக் கூலிக்காரப் பெண்கள் நிலக்கார வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது. என் வாயில் அது வராது. நான் வெறுமனே கும்பிட்டேன்.

அந்த அம்மாள் என் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் ரெண்டாவதா வந்தவளா?"

"ஆமா."

"உக்காரு. நின்னுக்கினே இருக்காத."

அம்மா தரையில் உட்காரப் போனார். அந்த அம்மாள், "கீழ எதுக்கு? அவளுக்கும் ஒரு சேர் போடுடா" என்று மகனிடம் சொன்னார். மகனே போய் இன்னொரு நாற்காலி எடுத்துவந்து போட்டார். இரண்டு பேரும் பெரியம்மாவைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணுதான்னு அவரு சொன்னது மெய்தான்" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். "நான் உள்ள கேட்டுக்கினுதான் படுத்திருந்தேன். இவன் பொறந்து இருவது நாள். எழுந்து வெளிய வரமுடியாது. வாசல்ல உன் புருசன் குரல் கேக்குது, மழ சத்தத்துல பாதி காதுல உழுவுது. யாருன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அவ எனக்கு ரொம்ப வேண்டியவ."

"உங்களுக்கா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"எனக்குதான். நான் நெல்லூரு பக்கத்துலருந்து கல்யாணம் கட்டிக்கினு வந்தவ. தமிழ் ஒரு வார்த்த தெரியாது. வயசு அவளுக்கும் எனக்கும் ஒண்ணு. நாத்து நட வருவா, வேல முடிஞ்சதும் கொல்லப்பக்கமா வந்து எங்கூட குந்திக்கினு பேசுவா. நான் தமிழ் பேசறது அவகிட்ட கத்துக்கினதுதான். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல முழுகாம இருந்தோம். இவன் வயித்துல இருக்கும்போது எனக்கு எதுவும் எறங்கல. ஏரிக்கரைலருந்து உமரிக்கீர பறிச்சாந்து குடுப்பா. அந்த உப்புக்கு ஒரு வாய் சோறு எறங்கும். எனக்கு ஒரு மாசம் பின்னால அவளுக்கு நாளு."

அவர் மகன் பின்னால் நின்றிருந்தார். அறுபது வருடத்தில் இதை ஒருமுறையும் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அவரு ஒண்ணுதான்னு சொல்லி அனுப்பிட்டு உள்ள வந்தாரு. நான் ஒண்ணும் பேசல. அடுத்த வருசம் யாரோ ஒரு கொயந்தய கொண்டாந்து வெச்சிட்டாங்கன்னு ஆளு வந்து சொல்றான். அவரு கத்திக்கினே துண்ட தோள்ல போட்டுக்கினு கெளம்பினாரு. நான் வாசப்படில குறுக்க நின்னேன். ஒரு பொண்ண ஒண்டியா இந்த வெட்டவெளில போட்டு வெச்சிக்கிறீங்களே, தொணைக்கு ஒரு கொயந்த வந்தா உங்களுக்கு இன்னா போச்சின்னு கேட்டேன். யாரு வந்தாலும் வாய மூடிக்கினு இருங்கன்னேன். அவருகிட்ட நான் அப்பிடி எதுத்துப் பேசினது அந்த ஒரு தடவதான். அவரும் கடசி வரிக்கும் வாயத் தொறக்கல."

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபது வருடமாக ஊரில் ஒவ்வொரு குழியையும் வெட்டியவர் அவர். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து தடுப்பார்களோ என்று சாலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் மண்ணைத் தொடுவேன் என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

அம்மா மெதுவாகக் கேட்டார். "அவ எப்பிடி இருப்பா ஆண்டம்மா?"

"நீ பாத்ததில்ல இல்ல?"

"இல்ல. அவரும் சொன்னதில்ல."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "நல்ல உசரம். எங்க கொல்லக் கதவுல குனிஞ்சிதான் வருவா. கறுப்புதான், ஆனா மூஞ்சி பளபளன்னு இருக்கும். முன்பல்லு ஒண்ணு மூலையில ஒடஞ்சிருக்கும். சிரிக்கும்போது கைய வெச்சி மூடிக்குவா. சிரிச்சிக்கினேதான் இருப்பா, கைய எடுக்கறதே இல்ல. பேச்சுன்னா பேச்சு, அப்பிடி ஒரு பேச்சு. வயல்ல அவ பேசறது எங்க வூட்டு அடுப்பாங்கரைல கேக்கும்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். என் அம்மா குள்ளம். அதிகம் பேசமாட்டார்.

"உன் புருசன் உன்ன நல்லா வெச்சிக்கினானா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நல்லாதான் வெச்சிக்கினாரு. பேசத்தான் மாட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "அவள நெனச்சிக்கினு கீறாருன்னு நான் வுட்டுட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "அவனா? அவன் அப்பவே அப்பிடிதான். அவ உயிரோட இருக்கும்போதும் வாயத் தொறக்கமாட்டான். ஊமையக் கட்டிக்கினேன்னு எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லி சிரிப்பா."

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் புரியாத மாதிரி இருந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். நாற்பது வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய அம்மா, அவருடைய மௌனத்தை இன்னொருத்தியின் பங்கு என்று ஒதுக்கிவைத்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாழ்ந்திருக்கிறார். எனக்கு நைனாவை உலுக்க வேண்டும்போல இருந்தது. அவரோ அங்கே பக்கத்திலேயே மண்ணுக்குள் எப்போதும்போலப் பேசாமல் இருந்தார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் குனிந்து பெரியம்மாவின் மேல் இருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மகனிடம் தெலுங்கில் இரண்டே வார்த்தை சொன்னார். கொடுத்துவிடு என்கிறார் என்பது தெலுங்கு தெரியாத எங்களுக்கும் புரிந்தது.

பங்குனி முடிவதற்குள் பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீசில் மேட்டையும் அதற்குப் போகிற வழியையும் கோயில் பெயருக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார் மகன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, எங்களோடு டீ குடித்தார். மஞ்சள் கல்லைச் சித்தப்பாவின் மகன்கள் பிடுங்கி மேட்டுக்கு வெளியே நட்டார்கள். மீதி நிலம் பிளாட் ஆகிவிட்டது. இப்போது புல்வெளியில் மூன்று வீடு வந்திருக்கிறது. மேட்டிலிருந்து பார்த்தால் ஏரி பாதிதான் தெரியும். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அந்த வீடுகளில் ஒன்றின் பெண் கல்லறைத் திருநாளன்று எட்டிப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அந்தத் திருநாளுக்கு அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டு, பெரியம்மாவின் மேட்டைக் காலடிப் பக்கம் ஒரு முழம் நீட்டச் சொன்னார். "அவ்ளோ உசரமானவளாம். இதுல எப்பிடி காலு நீட்டுவா?" என்றார். அங்கே காலடியில் அந்தப் பழைய குழந்தை இருப்பதைச் சித்தப்பா ஞாபகப்படுத்தினார். அம்மா யோசித்துவிட்டு, தலைமாட்டுப் பக்கம் நீட்டச் சொன்னார். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

சென்ற ஆனி மாதம் அந்த அம்மாள் சென்னையில் இறந்துவிட்டதாக மகன் போன் பண்ணினார். நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. முழங்கால் வலியோடு அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோவில் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினார். ரயிலில் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தண்டையார்பேட்டையில் இறங்கி அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் ஷாமியானா, நிறையச் செருப்பு, நிறையக் கார். எல்லோரும் அவர்கள் சொந்தக்காரர்கள். மகன் உள்ளே எங்கேயோ வேலையாக இருந்தார்.

அம்மா கையில் கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டு, அந்த அம்மாளின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், மரியாதையாகத்தான், "நீங்க யாரு, தெரியலியே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

"எங்க அக்காவும் இவங்களும் சிநேகிதம்."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு, உட்காருவதற்கு நாற்காலி காட்டினார். அம்மா உட்கார்ந்தார். யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதைக் குடித்து முடித்தார். எடுக்கிற நேரம் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். திரும்பி வரும் ரயிலில் எண்ணூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மீஞ்சூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். அனுப்பம்பட்டில் எழுப்பினேன்.